சித்தியின் பெயரில் ஒரு பாடகி: காசை எங்கே போடுவது?

ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் கூப்பிட்டார். சித்தி போய் இரண்டு வருடம் ஆகிறது. கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் புனித லூசியா பேராலயத்தில் பாடியவர் சித்தி. நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் அவர் குரல் எழும்பினால் கடைசி வாங்கில் தூங்கி வழிகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை.

“கோயிலுக்கு லைற் போடுற வேலை வேண்டாம் தம்பி. பாடுற பிள்ளை ஆரும் இருந்தாப் பார். வருசத்துக்குப் பத்தாயிரம் டொலர், மூண்டு வருசம் தாறன். ஒரு பிள்ளையை லண்டனுக்கு அனுப்பிவிடுவம்.”

பிள்ளை இருந்தாள். அதே கொட்டாஞ்சேனை. உயர்தரம் எழுதி முடித்த பத்தொன்பது வயது. மெஸோ, அதாவது பெண் குரலில் நடுத்தட்டு. வாரம் இரண்டு நாள் பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்து, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் ஒரு மிஸ்ஸிடம் ஒபெரா, அதாவது மேற்கத்திய இசைநாடகப் பாட்டு படிக்கிறாள். ஆனால் லண்டன்தானா என்பதில் எனக்குச் சந்தேகம். கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு மாதம் கேட்டேன். அந்த மாதத்தில் விசாரித்ததும் யோசித்ததும்தான் இது. இதே போல வெளிநாட்டிலிருந்து யாராவது ‘ஒரு பிள்ளைக்கு உதவ வேணும்’ என்று கேட்டால் உங்களுக்கும் பயன்படலாம்.

முதலில் லண்டன். புலமைப்பரிசில் என்றதும் எல்லோர் கண்ணிலும் வருவது அதுதான். பிரிட்டிஷ் இசைக்கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவருக்கு வருடக் கட்டணமே 25,000 பவுணைத் தாண்டுகிறது. பவுண் 400 ரூபாய்ப் பக்கம் நிற்கும்போது அது ஒரு கோடி. சித்தப்பாவின் பத்தாயிரம் கனேடிய டொலர் இங்கே இருபத்தொரு, இருபத்திரண்டு லட்சம். மூன்று வருடக் காசையும் ஒரே மூச்சில் கொட்டினாலும் ஒரு வருடக் கட்டணம் நிரம்பாது. இதற்கு மேல் சாப்பாடு, அறை வாடகை, விசாவோடு கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண். கல்லூரிகள் தாங்களே கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துத் தருவதுண்டு. ஆனால் அது தெரிவுப் பாட்டைக் கேட்ட பிறகு வரும் பேச்சு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் புலமைப்பரிசில் இருக்கிறதே என்றார் ஒரு நண்பர். அது ஒரு வருட முதுநிலைப் படிப்புக்கு, அதுவும் இரண்டு வருட வேலை அனுபவத்துக்குப் பிறகு. நம் பிள்ளைக்கு இப்போது எட்டாது.

அமெரிக்காவில் பிலடெல்பியாவின் கேர்ட்டிஸ் இசைக்கல்லூரி 1928இலிருந்து கட்டணமே வாங்குவதில்லை. அதே ஊரில் பாட்டுக்கென்றே இருக்கும் அகடமி ஒஃப் வோக்கல் ஆர்ட்ஸும் அப்படித்தான். கேட்கக் காது குளிர்கிறது. ஆனால் உலகமெல்லாம் அந்தச் சில இடங்களுக்கு வரிசையில் நிற்கிறது.

அடுத்தது ஜெர்மனி. இதை நான் ஆரம்பத்தில் யோசிக்கவே இல்லை, மிஸ்தான் சொன்னார். அங்கே அரச இசைக்கல்லூரிகளில் பெரும்பாலான மாநிலங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. விசாவுக்கு ஒரு வருடச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் வைத்துக் காட்ட வேண்டும், நாற்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பணம் யாருக்கும் போவதில்லை, மாதாமாதம் பிள்ளையின் கைக்கே திரும்பி வருகிறது. இன்னொரு விஷயம், ஜெர்மனியில் எண்பதுக்கும் மேற்பட்ட ஒபெரா அரங்குகள் அரச பணத்தில் நடக்கின்றன. அவற்றில் பாடகர்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள், நம் ஊரில் ஆசிரியர் நியமனம் மாதிரி. படித்து முடித்தால் வேலை தேடவும் அந்த நாடே நல்லது. ஆனால் ஜெர்மன் தெரிய வேண்டும், தெரிவுப் பரீட்சைக்குப் பெரும்பாலும் நேரில் போய் நின்று பாட வேண்டும். கொழும்பு 7 கிரெகரி வீதி கோதே நிலையத்தில் முதல் வகுப்பில் சேர்ந்தாலும் தேவையான மட்டத்துக்கு வர ஒன்றரை வருடமாவது போகும்.

ஆக லண்டனா ஜெர்மனியா என்றால் இந்தக் காசுக்கு ஜெர்மனி. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

போட்டி வைத்துப் பரிசு கொடுப்பது இன்னொரு வழி. சித்தப்பாவுக்கு இதிலும் ஒரு கண் இருந்தது, ஏனென்றால் பரிசுக்குச் சித்தியின் பெயரை வைக்கலாம். ஒபெரா உலகில் இது வெட்கப்படும் விஷயமும் இல்லை. லண்டன் கொவென்ட் கார்டன் ரோயல் ஒபெரா ஹவுஸின் இளம் கலைஞர் திட்டத்துக்குப் பணம் தந்தவரின் பெயரே திட்டத்தின் பெயர். நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒபெராவில் பல பத்து வருடங்களாக நடந்துவந்த தெரிவுப் போட்டி 2021இல் கொடையாளர் தம்பதி ஒன்றின் பெயருக்கு மாறியது. டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுதி வெளிச்சத்தையே மறைக்கும் நம் ஆட்களை நினைத்தால் இது எவ்வளவோ மேல்.

பரிசு ஆளை மாற்றியும் இருக்கிறது. இங்கிலாந்துப் பாடகி கத்லீன் பெரியர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். 1937இல் கார்லைல் இசை விழாவில் பந்தயத்துக்காகப் போய்ப் பாடினார். பியானோவிலும் பாட்டிலும் இரண்டு முதல் பரிசு. அதிலிருந்துதான் பாட்டே தொழிலானது. 1953இல் அவர் இறந்த பின், 1956இலிருந்து அவர் பெயரிலேயே இளம் பாடகர்களுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். நியூசிலாந்தில் ஒபெரா பாடகி கிரி தே கனாவா 1965இல் ஒரு பாட்டுப் போட்டியில் வென்று, அதனுடன் வந்த உதவித்தொகையில் அடுத்த வருடம் லண்டனுக்குப் படிக்கப் போனார்.

சரி, ஆனால் அந்தப் போட்டிகளுக்குப் பின்னால் ஒரு நாடு முழுக்கப் பாடகர் குழுக்களும் பியானோ வாத்தியார்களும் இசை விழாக்களும் இருந்தன. இங்கே நான் பார்த்ததைச் சொல்கிறேன், எந்த அமைப்பு என்பது வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு விழாவில் பாட்டில் முதலாவதாக வந்த பையனுக்கு மேடையில் ஆள் உயரக் காசோலை கொடுத்தார்கள். பொன்னாடை, மங்கள விளக்கு, மூன்று பேச்சு. உண்மையான காசோலை ஏழு மாதம் கழித்து வந்தது. மண்டப வாடகைக்கும் சிற்றுண்டிக்கும் போனது பரிசை விடக் கூட என்று பொருளாளரே பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். பையன் இப்போது வங்கியில் இருக்கிறான். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை.

போட்டியில் இன்னொரு சிக்கல், அது ஒபெரா குரலின் வயதோடு ஒத்துப்போவதில்லை. நம் சங்கீதத்தில் பன்னிரண்டு வயதில் அரங்கேறலாம். ஒபெரா பாடகர் மைக் இல்லாமல், அறுபது பேர் வாசிக்கும் வாத்தியக் குழுவைத் தாண்டி அரங்கின் கடைசி வரிசையை எட்ட வேண்டும். வாத்தியங்களின் சத்தம் 500 ஹேர்ட்ஸ் பக்கம் குவிந்து அதற்கு மேலே மெலிந்துவிடும். பயிற்சி பெற்ற குரல், குறிப்பாக ஆண் குரலும் தாழ்ந்த பெண் குரலும், 3,000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் தன் பலத்தைச் சேர்த்துக்கொள்ளும். அந்த இடைவெளியால்தான் குரல் வெளியே வருகிறது, கத்துவதால் அல்ல. இந்தக் குரல் பழுக்க முப்பது வயது பக்கம் ஆகலாம். பத்தொன்பதில் பரிசுக்காகப் பெரிய பாட்டைப் பாடிக் கத்தினால் தொண்டைதான் போகும்.

அதனால்தான் வழிகாட்டல் என்ற மூன்றாவது வழியில் அதிக நேரம் செலவழித்தேன். மும்பையில் பிறந்த சொப்ரானோ (பெண் குரலில் மேல்தட்டு) பட்ரீஷியா ரொசாரியோ லண்டனில் பெயர் எடுத்தவர். 2009இலிருந்து வருடத்தில் சில தடவை இந்தியா வந்து இளம் பாடகர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு நாள் பட்டறை நடத்தி, படம் எடுத்து, விமானம் ஏறிப் போகிற கதையல்ல. அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். கிரி தே கனாவாவும் 2004இல் தன் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி நியூசிலாந்துப் பாடகர்களுக்குப் பணமும் வழிகாட்டலும் சேர்த்தே தருகிறார். பெரிய அரங்குகளிலிருந்து தூரமான ஒரு சின்ன நாடு என்பதால் நமக்கு அந்த உதாரணம் நெருக்கமாகப் படுகிறது.

கொழும்பிலும் ஆள் இல்லாமல் இல்லை. கொவென்ட் கார்டனின் அந்த இளம் கலைஞர் திட்டத்தில் இடம்பிடித்த கிஷானி ஜயசிங்க நம் ஊர்க்காரர். நியூயோர்க்கின் ஜூலியார்ட் கல்லூரியில் படித்த பாடகி தரங்க குணதிலக்கவும் இலங்கையர்தான். (2016 சுதந்திர தினத்தில் காலிமுகத்திடலில் கிஷானி ஒரு பழைய சிங்களப் பாட்டை ஒபெரா பாணியில் பாடியதும் தொலைக்காட்சியில் கேலி செய்து, நாடே இரண்டாகி வாதாடியது. தேசிய கீதம் தமிழிலும் ஒலித்த அதே விழாதான். ஒரே நாளில் எத்தனை பேருக்குத் தூக்கம் போயிருக்கும்!)

மிஸ்ஸின் பழைய மாணவி ஒருத்தி இப்போது ஐரோப்பாவில் பாடுகிறாள். கேட்டவுடன் ஸூமில் பாடம் எடுக்கச் சம்மதித்தாள். முதல் பாடத்தில் நானும் பக்கத்தில் இருந்தேன். பிள்ளை மேலே ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்ததும் அங்கே சத்தம் அறுந்து போனது. நீண்டு நிற்கும் குரலை ஸூம் இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடுகிறது. ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதை இயக்கிய பிறகு சரியானது. அப்புறம் பியானோ வேண்டும். அங்கிருந்து அவள் வாசித்தால் இங்கே வந்து சேர்வதற்குள் பிள்ளை அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறாள். நொடியில் முப்பதில் ஒரு பங்கு தாமதமே சேர்ந்து பாடுவதைக் குலைத்துவிடும் என்கிறார்கள். இங்கே குறைந்தது அதைப் போலப் பல மடங்கு.

“பியானோ வாசிக்கிறதுக்கு அங்கே ஒருத்தரும் இல்லையா அக்கா?” என்று அவள் மிஸ்ஸைக் கேட்டாள்.

மிஸ் தன் பியானோவைக் காட்டினார். கடல் காற்றில் மரம் ஊதி, கம்பி துருப்பிடித்து, நடுவில் இரண்டு கட்டை அமுக்கினால் எழும்ப நேரமாகிறது. ஈரத்துக்குப் பரிகாரமாகப் பெட்டிக்குள்ளே ஒரு பல்ப் எரிகிறது. மிஸ் ஒரு கையால் ஸ்வரம் கொடுப்பார், அவ்வளவுதான்; அவருக்கு விரல் மூட்டு வலி. பிள்ளை பாடுவதெல்லாம் கைபேசியில் ஓடும் பின்னணி இசையோடு. அது அவளுக்காக நிற்காது. அவள் மூச்செடுக்கும் இடத்தில் காத்திராது. மேற்கத்திய இசையின் எட்டாம் தரப் பரீட்சையில் துணை வாத்தியம் இல்லாமல் பாட வேண்டிய நாட்டுப் பாட்டுக்கு அம்மம்மாவின் ‘ஆராரோ ஆரிவரோ’வைப் பாடினாளாம். அன்றைக்குத்தான் தன் இஷ்டத்துக்கு மூச்சு விட்டேன் என்று சொன்னாள்.

எனக்கு அங்கேதான் பிடிபட்டது. ரொசாரியோ இந்தியா வரும்போது தனியாக வருவதில்லை, பியானோ வாசிக்கும் கணவர் மார்க் ட்ரூப்பும் கூடவே வருகிறார். பெரியர் பாட்டோடு பியானோவிலும் பரிசெடுத்தவர். லண்டனுக்கோ ஜெர்மனிக்கோ அனுப்ப வேண்டிய ஒளிப்பதிவுக்குக் கூடப் பியானோக்காரர் வேண்டும். நான் பட்டியலிட்ட மூன்று வழியும் ஒரே வாசலில்தான் வந்து நிற்கின்றன, அந்த வாசலுக்கு இங்கே யாரும் காசு தருவதில்லை. ‘இந்தப் பிள்ளையின் பியானோக்காரருக்கு நான் சம்பளம் கொடுத்தேன்’ என்று எந்தப் பொன்னாடை மேடையிலும் சொல்ல முடியாதே!

விசாரித்தேன். பாடகர்களுக்கு வாசித்துப் பழக்கமுள்ளவர்கள் கொழும்பில் சிலர்தான். மணித்தியாலத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் கேட்கிறார்கள். வாரம் இரண்டு தடவை, வருடம் நாற்பது வாரம் என்றால் நாலு லட்சத்தைத் தாண்டாது. கோதே வகுப்பு, பியானோ சுருதி சேர்ப்பது, ஒளிப்பதிவு, பிள்ளையின் பஸ் காசு, ஐரோப்பாவில் இருப்பவளுக்கு மரியாதைக்கு ஒரு தொகை (வேண்டாம் என்றாள், கொடுக்கத்தான் வேண்டும்), எல்லாம் போட்டும் எட்டு லட்சத்துக்குள் முதல் வருடம் முடிகிறது. இரண்டாம் வருடம் ஜெர்மனிக்கு ஒரு பயணம்: இரண்டு மூன்று பேராசிரியர்களிடம் பாடிக்காட்டி, தெரிவுப் பரீட்சையும் எழுதிவிட்டு வர இன்னொரு எட்டு லட்சம். மிச்சமும் மூன்றாம் வருடக் காசும் சேர்ந்தால் அந்த முடக்கக் கணக்கை நிரப்பிவிடலாம்.

மிச்சத்தை மட்டும் இங்கே ரூபாயில் போட்டுவைக்கக் கூடாது. 2022 மார்ச்சில் 200 சொச்சமாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காசு கனடாவிலேயே இருக்கட்டும், தேவைக்கு வரட்டும்.

பிள்ளை தெரிவாகாமல் போனால்? போகலாம். அப்படியானாலும் ஜெர்மன் தெரிந்த, ஒழுங்காகப் பியானோவோடு பாடப் பழகிய ஒருத்தி கொழும்பில் இருப்பாள். லண்டனில் ஒரு வருடம் படித்துக் காசு முடிந்து திரும்பி வருவதை விட அது நட்டமில்லை.

இதையெல்லாம் சித்தப்பாவுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன், பன்னிரண்டு நிமிடம். இரண்டு நாள் பதில் இல்லை. கோபமோ என்று நினைத்தேன். பிறகு அழைத்தார்.

“அப்ப சித்தின்ர பேர் எங்க வரும்?”

“ஒரு இடத்திலயும் வராது சித்தப்பா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “பியானோக்காரர் காசு வாங்கினதுக்கு ரிசீட் தருவாரோ?”

“கேட்டாத் தருவார்.”

“அதில அவளின்ர பேரை எழுதச் சொல்லு. மாசாமாசம் எனக்குப் படம் எடுத்து அனுப்பு.”

போன வெள்ளிக்கிழமை முதல் ரிசீட் வந்தது. பியானோக்காரர் சித்தியின் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார். அப்படியே அனுப்பினேன்.