டிரிப் ஆவது நின்றதற்குக் காரணம் கேளுங்கள்: பட்டறை வயரிங்கில் நடந்த மோசடி

மரவேலைப் பட்டறையின் மின் கோளாறைச் சரிசெய்ய நான் அமர்த்திய ஒப்பந்ததாரர், உயிரைக் காப்பதற்கென்றே பொருத்தப்பட்டிருந்த ஆர்சிசிபியை (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் கருவி) மின்சுற்றிலிருந்து விலக்கிவிட்டு, வேலை முடிந்ததென்று பணம் வாங்கிச் சென்றார். நம் மரவேலைக் குழுவில் பலர் வீட்டை ஒட்டியே பட்டறை வைத்திருப்பதால் இதை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

கடைசல் இயந்திரத்தை ஓட்டும்போதெல்லாம் ஆர்சிசிபி டிரிப் ஆகிக்கொண்டிருந்தது. சுவரில் ஈரம் இருப்பதாகக் காரணம் சொன்ன அவர், அதைச் சரிசெய்ததோடு தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கென ஒரு புதிய சாக்கெட்டும் பொருத்தினார். அதன்பின் டிரிப் ஆகவே இல்லை.

குழுவின் சந்திப்பில், உளி தீட்டுவதைப் பற்றிய பேச்சுக்கு நடுவே, இதை மகிழ்ச்சியோடு சொன்னேன். மின்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினருக்கு மட்டும் அது சரியாகப்படவில்லை. "மோட்டாரையும் மாற்றவில்லை, ஒயரையும் மாற்றவில்லை என்றால் கசிவு எங்கே போயிற்று? பட்டறை விளக்கை எரியவிட்டு, ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது டிரிப் ஆகி விழுந்தால் மட்டும் போதாது, விளக்கும் அணைய வேண்டும். எதையும் நீங்களாகத் திறந்துவிடாதீர்கள்" என்றார்.

அழுத்தியதும் ஆர்சிசிபி விழுந்தது, விளக்கு அணையவில்லை.

உரிமம் பெற்ற வேறொரு எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தபோது, மெயின் சுவிட்சிலிருந்து வரும் ஃபேஸும் நியூட்ரலும் ஆர்சிசிபியைத் தாண்டி நேரே எம்சிபிகளின் (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்சுகள்) பக்கம் இணைக்கப்பட்டிருந்தன. ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் துண்டிப்பதுதான் அந்தக் கருவியின் பணி. மின்னோட்டம் அதன் வழியே போகாதபோது அது எதைத் துண்டிக்கும்?

புதிய சாக்கெட்டில் கண்டது இதைவிடக் கொடியது. எர்த் ஒயரே இழுக்காமல், சாக்கெட்டின் எர்த் முனையை ஒரு துண்டு ஒயரால் நியூட்ரலோடு சேர்த்திருந்தார். சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் மூன்று விளக்குச் சோதனைக் கருவியால் எர்த்தையும் நியூட்ரலையும் பிரித்தறிய முடியாது என்பதால், அதில் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் அந்தச் சாக்கெட்டுக்கு வரும் நியூட்ரல் எங்காவது அறுந்தால், மோட்டார் வழியாகவே மின்னழுத்தம் இயந்திரத்தின் உலோக உடலுக்கு வந்துவிடும். இயந்திரம் ஏன் ஓடவில்லை என்று பார்ப்பவர் முதலில் கை வைப்பது அந்த உடலின் மீதுதான். தெரிந்தே ஒருவர் இதைச் செய்துவிட்டுப் போனார் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

ஈரம் என்பதும் பொய்யே. இணைப்புகளைச் சரிசெய்தபின் ஆர்சிசிபி மீண்டும் டிரிப் ஆனது. மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரால் சோதித்தபோது கடைசல் இயந்திர மோட்டாரின் மின்காப்பு 1 மெகாஓம் அளவுக்குக்கூட இல்லை. மரத்தூள் படிந்து சுருள் கெட்டிருந்தது. இப்போது மோட்டாரை ரீவைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஒப்பந்ததாரரிடம் கேட்டதற்கு, "ஓடிக்கொண்டுதானே இருந்தது" என்றார். பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார். படங்களோடும் புதிய எலக்ட்ரீஷியனின் எழுத்து அறிக்கையோடும் புகார் அளித்துள்ளேன். நம் உறுப்பினர்கள் வேறு சிலரின் பட்டறைகளிலும் அவர் வேலை செய்திருக்கிறார். அவர்கள் இன்றே விளக்கை எரியவிட்டு டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்; விளக்கு அணைந்தாலும், அவர் பொருத்திய சாக்கெட்டுகளை உரிமம் பெற்ற ஒருவர் திறந்து பார்க்கும்வரை எந்த இயந்திரத்தையும் அவற்றில் செருக வேண்டாம்.