கூகுள் ஸ்காலர்: என் கட்டுரை எங்கே போய்ச் சேர்ந்தது?

காய்ச்சி வடிக்கும் கோபுரங்களில் வெப்பச் செலவைக் குறைப்பதுதான் பல வருடமாக என் ஆராய்ச்சி. அதை யார் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க நான் திறப்பது கூகுள் ஸ்காலர், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் தளம். 2004-இல் வந்தது, இலவசம். ஒருவரின் மேற்கோள் கணக்கைச் சொல்ல அது காட்டும் எச்-இண்டெக்ஸ் என்ற எண் 12 என்றால், அவருடைய 12 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 12 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. சரி, எனக்கு அந்த எண்ணைவிட, மேற்கோள் எண்ணைத் தொட்டால் விரியும் பட்டியல்தான் பெரிது. போன வாரம் அதில் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு. ரீபாய்லருக்கான (கோபுரத்தின் அடியில் திரவத்தைக் கொதிக்க வைக்கும் கருவி) என் சமன்பாட்டை எடுத்து, நான் கணக்கில் சேர்க்காமல் விட்ட வெப்ப இழப்பையும் சேர்த்துத் திருத்தியிருந்தார் அந்த மாணவி. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு சந்தோஷம்! ஒருவர் தன்னைத்தானே மேற்கோள் காட்டினாலும் கூகுள் ஸ்காலர் அதையும் எண்ணிவிடும், அது குறைதான். அப்புறம், மின்னஞ்சல் அறிவிப்பைப் போட்டு வையுங்கள்; புதிய மேற்கோள் வந்ததும் தெரிந்துவிடும்.