பேஜர்டியூட்டி: எழுப்பப்படுகிறவர் பக்கத்திலிருந்து ஒரு விமர்சனம்

ராத்திரி இரண்டே முக்காலுக்கு சர்வர் விழுந்தால் யாரையாவது எழுப்பியாக வேண்டும். பிரச்சனை வந்ததும் பொறுப்பான ஆளின் போனுக்குத் தகவல் அனுப்பும் சேவையான பேஜர்டியூட்டி 2009-இல் தொடங்கப்பட்டது அதற்காகத்தான். அமேசானில் ஆன்-கால் (எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருக்கும் முறைப்பணி) பார்த்த அனுபவத்திலிருந்து பிறந்த யோசனை அது; 2019-இல் கம்பெனி நியூயார்க் பங்குச்சந்தைக்கே போய்விட்டது. எத்தனை நூறு கருவிகளோடு இணையும், டாஷ்போர்டு எவ்வளவு அழகு என்று எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துப் படுக்கிறவருக்கு இது எப்படி என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எழுப்பும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேவையில்லாமல் எழுப்பாமல் இருக்க வேண்டிய வசதிகளும் உள்ளே இருக்கின்றன. ஆனால் அதில் பாதி நாமே தேடிப் போட வேண்டியது, மீதியில் கொஞ்சம் தனிக் காசு கேட்பது. வாங்கி, இணைத்து, அப்படியே விட்டுவிட்டால் ஒரே மாதத்தில் டீம் முழுக்கக் கண் சிவந்து திரியும்.

போனிலிருந்து தொடங்குவோம். புதிதாகச் சேர்க்கப்பட்டவர் தன் நம்பரையும் நோட்டிபிகேஷன் ரூலையும் (எந்த நிமிடம் எந்த வழியில் தகவல் வர வேண்டும் என்ற விதி) தானே போடாவிட்டால் அலர்ட், அதாவது எச்சரிக்கை, மின்னஞ்சலுக்குத்தான் போகும். ராத்திரி மெயில் பார்க்கிறவர் யார்? முதல் ஆன்-கால் வாரத்தில் "எனக்கு எதுவுமே வரலையே" என்று ஒரு பையன் முழிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பழி மட்டும் அவன் தலையில் விழும். ரோஸ்டரில் (ஆன்-கால் முறைப்பட்டியலில்) பெயர் போடுவதற்கு முன் சோதனைக்கென்று ஒரு டெஸ்ட் இன்சிடென்ட் (பிரச்சனைப் பதிவு) கிளப்பி, போன் அடிக்கிறதா என்று டீம் லீட் பக்கத்தில் நின்று பார்த்துவிடுவது நல்லது.

நன்றாக வேலை செய்யும் வரிசை இது: உடனே ஆப் நோட்டிபிகேஷன், 1 நிமிடம் கழித்து போன் கால், 4-ஆவது நிமிடம் இன்னொரு கால். எஸ்.எம்.எஸ்-ஸை முதன்மையாக நம்ப வேண்டாம். ஐபோனில் ஆப்புக்கு கிரிட்டிகல் அலர்ட் அனுமதி கொடுத்தால் சைலன்ட்டையும் மீறி ஒலிக்கும். ஆண்ட்ராய்டிலும் அந்த வசதி உண்டு, ஆனால் ஷாவ்மி, ஓப்போ, விவோ போன்களில் பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் ஆப்பையே பின்னால் கொன்றுவிடும். ஆட்டோ ஸ்டார்ட்டை ஆன் செய்து, பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கினால்தான் ஆப்பை நம்பிப் படுக்கலாம். போன் கால் வெளிநாட்டு நம்பரிலிருந்து வருவதால் ட்ரூகாலர் அதை ஸ்பேம் என்று காட்டவும் வாய்ப்பிருக்கிறது. பேஜர்டியூட்டி தன் நம்பர்களை ஒரே கான்டாக்ட் கார்டாகத் தருகிறது. அதைச் சேமித்து, அதற்கென்று தனி ரிங்டோன் வையுங்கள். அந்த ரிங்டோனை வேறு எதற்கும் வைக்காதீர்கள்; பகலில் பஸ்ஸில் யாருக்கோ அதே சத்தம் கேட்டால்கூட நெஞ்சு படபடக்கும் என்பது ஆன்-கால் பார்த்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எஸ்கலேஷனில், அதாவது அலர்ட்டை அடுத்த ஆளுக்கு ஏற்றிவிடுவதில், பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் ஆள் எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போக வேண்டிய நேரம், மாற்றாமல் விட்டால் 30 நிமிடம். மாதத்தில் 99.9 சதவீத நேரம் சேவை ஓடும் என்று வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்திருந்தால் 30 நாளில் விழலாம் என்று இருப்பதே 43 நிமிடம்தான். அதில் 30-ஐ இங்கேயே தின்றுவிடுகிறது. சரி என்று 5 நிமிடமாகக் குறைத்தால், தனக்கு 6-ஆவது நிமிடத்தில் கால் வரும்படி ரூல் போட்டிருக்கிறவருக்குக் கால் வருவதற்குள் அது அடுத்தவருக்குத் தாவிவிடும். ஆளாளுக்குப் போடும் ரூலும் டீமின் எஸ்கலேஷனும் இரண்டு தனித்தனிப் பக்கங்களில் இருப்பதால் இந்த மோதல் கண்ணில் படுவதே இல்லை. 10 நிமிடம் நியாயமான நடு. தூக்கத்திலிருந்து எழுந்து, கண்ணாடி தேடி, லேப்டாப் திறந்து, வி.பி.என் போடும் மனிதருக்கு அதற்குக் குறைவாகக் கொடுப்பது கொடுமை. 99.99 என்று விற்பனைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் மாதத்துக்கு 4 நிமிடச் சொச்சம்தான் கையில் இருக்கும். அதை எந்த ஆன்-கால் ஆளாலும் காப்பாற்ற முடியாது. தானாக மாறிக்கொள்ளும் மாற்று சர்வருக்குச் செலவழிக்க வேண்டிய காசை ஆளின் தூக்கத்தில் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள்.

போன் காலில் 4-ஐ அழுத்தினால் அக்னாலெட்ஜ் (நான் பார்க்கிறேன்), 6-ஐ அழுத்தினால் ரிசால்வ் (முடிந்தது). எளிமை அருமைதான், ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. அரைத்தூக்கத்தில் கட்டைவிரல் 4-ஐ அழுத்திவிட்டு அப்படியே தலையணைக்குள் போய்விடும். காலையில் கேட்டால் கால் வந்ததே நினைவிருக்காது. அக்னாலெட்ஜ் ஆன கணமே எஸ்கலேஷன் நின்றுவிடுவதால் இரண்டாவது ஆளுக்கும் தகவல் போகாது. சர்வீஸ் (கண்காணிக்கப்படும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் உள்ள தனிப் பதிவு) அமைப்பில் அக்னாலெட்ஜ்மென்ட் டைம்-அவுட் என்று ஒன்று இருக்கிறது. அதை 30 நிமிடத்துக்கு வைத்தால், அதற்குள் முடியாத இன்சிடென்ட் மறுபடி அடிக்கத் தொடங்கும். உண்மையிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு இது தொல்லைதான், இன்னொரு முறை அமுக்கிவிட்டுப் போக வேண்டும். இருந்தாலும், தூங்கிப்போனவரைக் காலையில் பத்து பேர் இருக்கும் மீட்டிங்கில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதைவிட இந்தத் தொல்லை எவ்வளவோ மேல்.

இனி, தூக்கத்தை அதிகம் கெடுக்கும் விஷயம். ஒவ்வொரு சர்வீஸுக்கும் அர்ஜென்சி (அவசர அளவு) எப்படி என்று தேர்ந்தெடுக்கலாம்: எல்லாமே ஹை, எல்லாமே லோ, அலர்ட்டின் தீவிரத்தைப் பொறுத்து, அல்லது அலுவலக நேரத்தைப் பொறுத்து. தீவிரத்தைப் பொறுத்து என்று வைத்தால் கிரிட்டிகலும் எரரும் ஹை ஆகி ஆளை எழுப்பும், வார்னிங்கும் இன்ஃபோவும் லோ ஆகிக் காத்திருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல டீம்கள் பயன்படுத்தும் ப்ரொமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் அலர்ட்டுகளை அனுப்பும் பகுதியான அலர்ட்மேனேஜர், தனியாகச் சொல்லாவிட்டால் அனுப்புகிற எல்லாவற்றுக்கும் எரர் என்றே தீவிரம் போட்டு அனுப்பும். உங்கள் ரூலில் வார்னிங் என்று லேபிள் இருந்தாலும் பயனில்லை. அந்த லேபிளை எடுத்து பேஜர்டியூட்டிக்குப் போகும் தீவிரத்தில் வைக்க வேண்டும் என்று கான்ஃபிகில் ஒரு வரி சேர்த்தால்தான் உண்டு. அந்த ஒரு வரி இல்லாமல், டிஸ்க் 80 சதவீதம் ஆனதற்கும் பேமென்ட் நின்றதற்கும் ஒரே மாதிரி போன் அடிக்கும் இடங்கள் ஏராளம்.

டிஸ்க் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். 1 டி.பி டிஸ்க்கில் 90 சதவீதம் என்றால் இன்னும் 100 ஜி.பி இருக்கிறது. அது அரை மணியில் நிரம்பினால் எழுப்ப வேண்டும், ஒன்பது நாளில் நிரம்புவதாக இருந்தால் பிறகு பார்க்க ஒரு டிக்கெட் (வேலைக் குறிப்பு) போதும். சதவீதத்தை விட்டுவிட்டு, இப்போதைய வேகத்தில் 4 மணி நேரத்துக்குள் நிரம்புமா என்று கணக்கிடும் ரூலை ப்ரொமிதியஸில் எழுத முடியும். ராத்திரி 2 மணி பேக்கப்பால் சி.பி.யூ ஏறி இறங்குவதற்கெல்லாம் ஆளை எழுப்புவது அநியாயம். பயனருக்கு எதுவும் தாமதமாகவில்லை என்றால் அந்த அலர்ட்டே வேண்டாம்.

ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் போனால் 40 அலர்ட் கிளம்பும். அதை ஒரே இன்சிடென்ட்டாகக் கட்டும் புத்திசாலித்தனத்தை பேஜர்டியூட்டி கூடுதல் விலையில் விற்கிறது. சின்ன டீம் அதை வாங்குவதற்கு முன் அலர்ட்மேனேஜரின் குரூப்பிங்கை (அலர்ட்டுகளைச் சேர்த்துக் கட்டும் விதியை) சரிசெய்து பார்க்கலாம். அலர்ட் பெயர், கிளஸ்டர் (சர்வர் தொகுப்பு) என்ற இரண்டை மட்டும் வைத்துக் கட்டினால் அந்த 40-இல் பெரும்பகுதி ஒன்றிரண்டாகச் சுருங்கும். ஒரு குரூப்புக்கு ஒரே அடையாளச் சாவிதான் போகும் என்பதால் இந்தப் பக்கமும் அது ஒரே இன்சிடென்ட்டாகவே திறக்கும்.

அலுவலக நேரத்தைப் பொறுத்து என்பதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அதன் கீழே இருக்கும் சின்ன டிக் பெட்டியைக் கவனிக்கவும். அலுவலக நேரம் தொடங்கியதும், யாரும் தொடாத லோ எல்லாம் ஹை ஆகட்டுமா என்று கேட்கும். டிக் போட்டால் சனி, ஞாயிறு சேர்ந்த குப்பை மொத்தமும் திங்கள் காலை 9 மணிக்கு ஒரே நேரத்தில் போனில் வந்து விழும். அந்த நேரத்தில் ஆன்-கால் ஆள் பெரும்பாலும் வண்டியில் இருப்பார்.

ரோஸ்டர் அமைப்பு இதன் பலம். லேயர் மேல் லேயராக அடுக்கலாம், அவசரத்துக்கு ஓவர்ரைடு (தற்காலிக மாற்றம்) போட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்வர நாலு மணி நேரம் மட்டும் இன்னொருவரிடம் கொடுக்கலாம். ஆப்பிலேயே ஒரு நிமிட வேலை. மேனேஜரிடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை என்பதே பெரிய மரியாதை. காலண்டருக்கும் இணைப்பு தருகிறது. வீட்டிலிருப்பவருக்கும் அதைப் பகிர்ந்துவிட்டால், எந்த வாரம் ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம் என்ற சண்டை பாதி குறையும்.

டைம்-ஜோனில்தான் சிக்கல். அமெரிக்க டீமோடு பகிர்ந்துகொள்ளும் ஷெட்யூலை நியூயார்க் நேரத்தில் போட்டால், அங்கே காலை 9 மணி கைமாற்றம் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நவம்பர் தொடங்கி மார்ச் வரை சென்னைக்காரர் தினம் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் விடுபடுவார், யாரும் அதைக் கணக்கில் எழுத மாட்டார்கள். ஷெட்யூலை இந்திய நேரத்தில் போடுங்கள், அல்லது அந்தத் தாமதத்தை காம்ப்-ஆஃபில் (ஈட்டு விடுப்பில்) சேருங்கள். கைமாற்றம் வெள்ளி சாயங்காலமோ ஞாயிறு நள்ளிரவோ வேண்டாம். செவ்வாய் 11 மணி என்றால் இருவரும் சீட்டில் இருப்பார்கள், விட்டுப்போன கதையை வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு கூகுளின் எஸ்.ஆர்.இ (சேவைகள் விழாமல் பார்த்துக்கொள்ளும்) குழுக்கள் 2016-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் பொருந்துகிறது. ஒரே ஊரில் இருக்கும் டீமுக்குக் குறைந்தது 8 பேர்: வாரம் ஒரு முதல் ஆள், ஒரு இரண்டாம் ஆள், ஆக மாதத்தில் ஒருவருக்கு ஒரு வாரம். 12 மணி நேர ஷிப்டில் இரண்டு இன்சிடென்ட்டுக்கு மேல் கூடாது என்பதும் அவர்கள் வைத்த எல்லைதான். காரணம் கண்டுபிடித்து, எழுதி, சரிசெய்து முடிக்க ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும் என்பது அதன் அடிப்படை.

இங்கேதான் விலை குறுக்கே வருகிறது. 5 பேர் வரை இலவசம். அதற்கு மேல் தலைக்கு மாதக் கட்டணம். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் கீழ்த்தட்டு 20 டாலரை ஒட்டியும் அதற்கு அடுத்தது 40 டாலரை ஒட்டியும் வரும். தலைக்கு இவ்வளவு என்று இருப்பதால், எட்டுப் பேர் இருக்கும் டீமுக்கும் நாலைந்து சீட் மட்டும் வாங்கி அதே ஆட்களைச் சுற்றவிடும் வழக்கம் பிறக்கிறது. இதைவிட மோசம் ஒரே லாகினை எல்லோரும் பகிர்ந்துகொண்டு ஒரு ஆன்-கால் போனைக் கை மாற்றுவது. யார் எத்தனை ராத்திரி எழுந்தார் என்ற கணக்கே அதில் அழிந்துவிடும்.

அந்தக் கணக்குதான் இந்தப் பொருளில் நமக்கு மிகவும் பிடித்தது. ஆன்-கால் ஆளை எத்தனை முறை தொந்தரவு செய்தது என்பதை வேலை நேரம், வேலை முடிந்த நேரம், தூக்க நேரம் என்று பிரித்துக் காட்டுகிறது. தூக்க நேரம் என்பது இரவு 10 முதல் காலை 8 வரை. ஒவ்வொருவரின் புரொஃபைலில் இருக்கும் டைம்-ஜோனை வைத்தே இது ஓடும். அமெரிக்க அக்கவுன்ட்டில் சேர்க்கப்பட்டு, புரொஃபைலில் அமெரிக்க நேரமே கிடக்கும் கோவைக்காரர் அதிகாலை 3 மணிக்கு எழுந்தது அங்கே மாலை வேலை நேரக் கணக்கில் போய்விடும். முதல் நாளே இதைத் திருத்துங்கள். பிறகு மாதா மாதம் அந்த ஒரு எண்ணை எடுத்து, மேனேஜரிடம் அலவன்ஸுக்கும் காம்ப்-ஆஃபுக்கும் பேசலாம். "ரொம்ப டயர்டா இருக்கு" என்பதற்கு ஆறுதல் கிடைக்கும், "இந்த மாசம் தூக்க நேரத்துல 14 தடவை" என்பதற்கு லீவு கிடைக்கும்.

மாற்று தேடுகிறவர்களுக்கு: இதே வேலையைச் செய்யும், 2018-இல் அட்லாசியன் நிறுவனம் வாங்கிய ஓப்ஸ்ஜீனி புது விற்பனையை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது, 2027 ஏப்ரலில் மூடப்படுகிறது. இன்னொரு மாற்றான கிராஃபானா ஆன்-காலின் இலவச மூலநிரலும் 2025 மார்ச்சிலேயே புது வசதி வராத பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது. ஓப்ஸ்ஜீனியிலிருந்து இங்கே மாறுகிற டீம்கள் ரோஸ்டரையும் எஸ்கலேஷனையும் முதலில் கொண்டுவந்து, இரண்டு வாரம் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். போன் அடிப்பது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் இருக்கட்டும், இல்லையென்றால் ஒரே அலர்ட்டுக்கு இரண்டு முறை எழ வேண்டிவரும். பழைய அலர்ட் ரூல்களை அப்படியே நகர்த்தாதீர்கள். கடந்த மூன்று மாதத்தில் அடித்து, யாரும் எதுவும் செய்யாமல் தானே சரியானவற்றை வடிகட்டி எடுத்து, அவற்றை லோவில் போட்ட பிறகு மிச்சத்தை நகர்த்துங்கள்.