லெட்லோபி: ஐஸ்லாந்துக் கம்பளி நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

பின்னல் நூல் விற்கும் கடைகளில் 'உள்ளூர்க் கம்பளி', 'இயற்கைக்குக் கேடில்லாதது' என்ற சொற்கள் அச்சிடப்படாத சீட்டைக் காண்பது இப்போது அரிதாகிவிட்டது. ஆடு ஒரு கண்டத்திலும் ஆலை இன்னொரு கண்டத்திலும் இருக்க, கடைசியாகச் சாயமிட்டவரின் ஊர் மட்டும் சீட்டில் இடம்பெறுவதும் உண்டு. ஐஸ்லாந்தின் ஈஸ்டெக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் லெட்லோபி அந்த வகையில் சேராது. அந்நாட்டு ஆடுகளின் உரோமத்தைத் தீவின் வடக்கே உள்ள ப்லொண்டுவோஸில் அலசி, தலைநகர் ரெய்க்யவிக்கை அடுத்த மோஸ்ஃபெல்ஸ்பைரில் நூற்கிறார்கள். பழைய ஆலாஃபாஸ் கம்பளி ஆலை நொடித்துப்போனபின் 1991-இல் தோன்றிய இந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் ஆடு வளர்க்கும் விவசாயிகளிடமே இருக்கின்றன.

இந்த நூலின் குணம் முழுவதும் அந்த ஆட்டிலிருந்து வருவது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு நார்டிக் குடியேறிகள் கொண்டுவந்த இந்த இனம், பிற இனங்களுடன் அதிகம் கலக்காமல் அந்தக் குளிரிலேயே நிலைத்துவிட்டது. அதன் உடலில் இரண்டு அடுக்கு மயிர் உண்டு. 'தோக்' எனப்படும் வெளிமயிர் நீளமானது, பளபளப்பானது, மழைநீரை வழியவிடுவது. 'தெல்' எனப்படும் உள்மயிர் குட்டையானது, மென்மையானது, காற்றைச் சிறைபிடித்து வெப்பம் காப்பது. மெல்லிய கம்பளித் துணிக்காக இவ்விரண்டையும் பிரித்தெடுக்கும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. லெட்லோபியில் இரண்டும் சேர்த்தே, அதிக முறுக்கு ஏற்றாமல் ஒற்றை இழையாக நூற்கப்படுகின்றன. கையிலெடுத்தால் பருமனுக்கு ஏற்ற எடை இல்லையே என்று தோன்றுவதற்கும், விரலுக்குச் சற்று முரடாகத் தெரிவதற்கும் காரணம் ஒன்றே.

50 கிராம் கண்டில் ஏறத்தாழ 100 மீட்டர் நூல் இருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் ஊசியில் பத்து சென்டிமீட்டருக்குப் பதினெட்டுக் கண்ணிகள் வருகின்றன. பின்னும்போது துணி கொஞ்சம் விறைப்பாகவும் கண்ணிகள் ஒழுங்கற்றும் தெரியும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, பரப்பி உலர்த்தியபின் இழைகள் மலர்ந்து இடைவெளிகளை நிரப்பிவிடுகின்றன. தோளைச் சுற்றி வட்டமாகப் பல நிறங்களில் கோலம் இறங்கும் லோபபேய்சா என்ற ஐஸ்லாந்து ஸ்வெட்டர் இந்த வகை நூலில்தான் பிறந்தது. அது மிகத் தொன்மையானது என்று பலர் நம்பினாலும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான வடிவமே. இரண்டு நிற நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் அந்த வேலைக்கு, வழுக்காமல் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இழை பெரிய துணை. உருளையாகப் பின்னி முடித்த உடலின் நடுவில் இருபுறமும் தையல் ஓட்டி, கத்தரிக்கோலால் வெட்டி முன்திறப்பு வைக்கும்போதுகூடக் கண்ணிகள் அவிழ்ந்து ஓடுவதில்லை. மெரினோ என்ற ஆட்டினத்தின் வழவழப்பான மென்கம்பளி நூலில் அந்தத் துணிச்சலை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நூல் தீர்ந்தால் முடிச்சுப் போட வேண்டியதும் இல்லை. இரு முனைகளையும் நனைத்து உள்ளங்கையில் தேய்த்தால் ஒட்டிக்கொள்கின்றன.

நிறங்களைத் தனியே சொல்ல வேண்டும். வெள்ளை, சாம்பல், பழுப்பு, கருப்பு என ஆட்டிடமிருந்தே வரும் சாயமற்ற நிறங்கள் இருக்கின்றன. சாயமிட்டவற்றிலும், உரோமத்தைப் பன்னும் கட்டத்திலேயே பல நிறங்களைக் கலந்து நூற்ற கலவை நிறங்கள்தாம் சிறந்தவை. தள்ளி நின்று பார்த்தால் ஒரே பச்சையாகத் தெரிவது, அருகில் மஞ்சளும் நீலமும் கலந்த பாசியாக விரிகிறது.

இது உரசும் நூல் என்பதை மறைப்பதில் பயனில்லை. கழுத்தோரம் வெறும் தோலில் படும்படி அணிய எல்லோராலும் முடியாது, குழந்தைகளுக்கு இது ஏற்றதே இல்லை. உள்ளே பருத்திச் சட்டை அணிந்து மேலுடையாகப் போட்டுக்கொள்பவர்களுக்கே இதை வாங்கச் சொல்வேன். இயந்திரத்தில் துவைக்கத்தக்க மென்கம்பளி பெரும்பாலும் இழையின் மேலுள்ள நுண்ணிய செதில்களைக் குளோரினால் நீக்கி, செயற்கைப் பிசின் பூசப்பட்டது. லெட்லோபிக்கு அந்தச் சிகிச்சை கிடையாது, ஆகவே துவைக்கும் இயந்திரத்தில் போட்டால் சுருங்கித் தடித்துவிடும்.

இனி இயற்கைக் கேட்டைப் பற்றி. கோடை முழுவதும் மேட்டுநிலங்களில் தாமாக மேய்ந்து, செப்டம்பரில் ஊர்கூடி ஓட்டிவரும் ஆடுகளின் படம் அழகானதுதான். மேய்ப்போருக்கு முதன்மை வருவாய் இறைச்சியிலிருந்து வருவதால், கம்பளிக்கென்று தனியாக ஆடு வளர்க்கப்படுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் குடியேற்றக் காலத்திலிருந்த பிர்ச் காடுகளை மனிதர் வெட்டியபின், எரிமலைச் சாம்பலாலான அந்த மெல்லிய மண் மீண்டும் தழைக்கவிடாமல் அரித்துப்போனதில் ஆட்டு மேய்ச்சலுக்கும் பெரும் பங்குண்டு. மண் காப்புக்கென 1907-இலேயே அரசுத் துறை ஒன்றைத் தொடங்க வேண்டிய நிலை அங்கே ஏற்பட்டது. நிலத்தைப் பசுமையாக்கும் பணியில் இன்று விவசாயிகள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள் என்றாலும், கேடே இல்லாத கம்பளி என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்காத கம்பளி என்று சொல்வேன்.

கைச்சாயமிட்ட மெரினோவைவிட விலை குறைவு. பெரியவர் ஒருவரின் ஸ்வெட்டருக்கு ஏறத்தாழ அரைக் கிலோ போதும். டொராண்டோ, ஆஸ்லோ போன்ற ஊர்களில் வாழ்பவர்களுக்கு இது குளிர்காலம் முழுவதும் உழைக்கும். சென்னையில் இருப்பவர்கள் மலைப்பயணத்துக்கென்று மட்டுமே பின்ன முடியும். ஒரே நிறத்தை வேண்டிய அளவுக்கு ஒரே முறையில் வாங்கி, சீட்டிலுள்ள சாயத் தொகுதி எண் எல்லாக் கண்டுகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னி முடித்ததை அழுக்கோடு மடித்து வைக்காமல், அலசி நன்றாக உலர்த்தி, காற்றுப்புகாத பையில் வைத்தால் அந்துப்பூச்சி அண்டாது.