‘சிங்க்’னு டப்பால போட்டிருந்ததை நம்பி வாங்குன ரெண்டு யூஎஸ்பி டேட்டா பாக்ஸ்: 4 மாச அனுபவம்

கோயமுத்தூர்ல பம்ப் டெஸ்டிங் வேலை நமக்கு. மோட்டார், பம்ப், பெட், பைப்னு வைப்ரேஷன் பார்க்க மொத்தம் எட்டு சேனல் (சென்சாருக்கு ஒன்னு) வேணும், பட்ஜெட்டுக்கு அடங்குனது, சென்சார் சிக்னலை யூஎஸ்பி வழியா கம்ப்யூட்டருக்கு அனுப்பற நாலு சேனல் பாக்ஸ்தான், சரினு ஒரே மாடல்ல ரெண்டு வாங்கியாச்சு. கம்பெனி பேரு வேண்டாம் விடுங்க.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன். சேனலுக்கு ஒரு ஏடிசி (சிக்னலை நம்பரா மாத்தற சிப்), 24 பிட். மலிவு பாக்ஸ்ல ஒரே ஏடிசிய எல்லா சேனலுக்கும் மாத்தி மாத்தி குடுத்து ஓட்டுவாங்க, ஒவ்வொரு சேனலும் துளித்துளி பின்தங்கும், இதுல அந்த தொல்லை இல்ல. ஒரு தடவை டேபிள்ல இருந்து கீழ விழுந்துச்சு, பிஎன்சி கனெக்டர் கூட அசையல. ஒத்த பாக்ஸா வெச்சு யூஸ் பண்றதா இருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

வம்பே ரெண்டை சேர்த்தா தான். டப்பால ‘பல யூனிட் சிங்க் வசதி’னு (பல பாக்ஸும் நேரம் பிசகாம ஒன்னா ஓடும்னு) போட்டிருக்கான், ஆனா கூட வர்ற ஒயர் வெறும் ஸ்டார்ட் ட்ரிகருக்கு. அதாவது ரெண்டும் ஒரே நொடியில ஆரம்பிக்கும், அவ்ளோதான். அப்புறம் அதது உள்ள இருக்கற கிரிஸ்டல் (நேரம் காட்டற கிளாக்) சொல்றபடி அதது போகும். தவிலும் நாதஸ்வரமும் ஒன்னா எடுத்துட்டு ஆளுக்கொரு காலப்பிரமாணத்துல போனா எப்படி இருக்கும், அந்த கதை.

இது தெரியாம ஒரு பம்ப்ப டெஸ்ட்ல போட்டு 10 நிமிஷம் ஓடவிட்டு பாத்தா மோட்டாரையும் பம்பையும் சேர்க்கற கப்ளிங்குக்கு ரெண்டு பக்கமும் ஃபேஸ் (ரெண்டு பக்க அதிர்வுக்கும் நடுவுல இருக்கற நேர வித்தியாசம்) 100 டிகிரிக்கு மேல தள்ளி நிக்குது, அலைன்மென்ட் போச்சுடானு கப்ளிங்க கழட்டி மறுபடி டயல் கேஜ் வெச்சு பாத்தா எல்லாம் சுத்தமா இருக்கு, அரை நாள் வேஸ்ட்.

அப்புறம்தான் பாக்ஸ் மேலயே சந்தேகம் வந்துச்சு. சிக்னல் ஜெனரேட்டர்ல 100 ஹெர்ட்ஸ் சைன் எடுத்து ஒரு T வடிவ கனெக்டர் போட்டு ரெண்டு பாக்ஸுக்கும் ஒரே சிக்னல் குடுத்தேன். ஆரம்பத்துல ரெண்டு கோடும் ஒன்னு மேல ஒன்னு. கொஞ்ச நேரத்துல விலக ஆரம்பிச்சுது. வெளிய போய் டீ குடிச்சிட்டு ஏழெட்டு நிமிஷம் கழிச்சு வந்து பாத்தா மறுபடி ஒட்டிகிட்டு நிக்குது! நானும் சரியாயிடுச்சுனு சந்தோஷப்பட்டேன், கூட இருந்த தம்பிதான் “அண்ணா, அது ஒட்டல, முழுசா ஒரு சைக்கிள் தள்ளி போயிருக்கு”ன்னான். அதனால சிங்க் செக் பண்ண சைன் மட்டும் குடுக்காதீங்க, நடுவுல ஒரு தட்டு, ஒரு பல்ஸ், ஏதாவது குடுங்க.

கணக்கு போட்டா வித்தியாசம் நொடிக்கு 22 மைக்ரோசெகண்ட். கேக்க ஒன்னுமே இல்ல மாதிரி இருக்கும். நொடிக்கு 10,000 சாம்பிள் (ஒரு தடவை அளக்கறது ஒரு சாம்பிள்) வீதம் ஒரு மணி நேரம் ஓட்டுனா ஒரு பாக்ஸ் இன்னொன்னை விட 790 சாம்பிள் சொச்சம் அதிகமா குடுத்திருக்கும். 1440 ஆர்பிஎம் மோட்டார் ஒரு சுத்து சுத்த 41.7 மில்லிசெகண்ட், 10 நிமிஷத்துல 13.2 மில்லிசெகண்ட் தள்ளிடுச்சுன்னா 114 டிகிரி. கப்ளிங்க கழட்ட வெச்சது அந்த 114 தான்.

சப்போர்ட்டுக்கு போன் போட்டா “கிளாக் கேபிள் தனியா வாங்கணும் சார்”னு கூலா சொல்றாங்க. வாங்கி மாட்டினதும் மாஸ்டரோட (முதல் பாக்ஸ்) கிளாக்லயே ஸ்லேவும் (ரெண்டாவது பாக்ஸ்) ஓடுது, 6 மணி நேரம் ஓட்டியும் ஒரு சாம்பிள் கூட பிசகல. இதுக்கு முழு மார்க்கும் குடுக்கலாம்.

சாஃப்ட்வேர் தான் சுமார். கூட குடுத்த எக்ஸாம்பிள் கோட்ல மாஸ்டர முதல்ல ஸ்டார்ட் பண்றான், ட்ரிகர் பல்ஸ் அப்பவே போயிடுது, ஸ்லேவ் பஸ்ஸ விட்டுட்டு ஸ்டாப்ல நிக்கற ஆள் மாதிரி காத்து நின்னு டைம்அவுட் அடிக்குது. ஸ்லேவ முதல்ல ரெடியா நிறுத்திட்டு கடைசியா மாஸ்டர ஸ்டார்ட் பண்ணனும். கம்ப்யூட்டர் டைம்ஸ்டாம்ப்ப வெச்சு ரெண்டு ஃபைலையும் ஒட்டலாம்னு நினைக்காதீங்க, யூஎஸ்பில டேட்டா எப்போ வந்து சேரும்ங்கறது விண்டோஸ் இஷ்டம், சாம்பிள் நம்பர வெச்சு ஒட்டுங்க. படிக்கற லூப்லயே ஃபைல் எழுதுறதும் வேண்டாம், எட்டு சேனலுக்கு மணிக்கு 1.15 ஜிபி வரும், டிஸ்க் ஒரு செகண்ட் திணறினா பஃபர் (தற்காலிக மெமரி) நிறைஞ்சு நின்னுடும், எழுதுறதுக்கு தனி த்ரெட் (ப்ரோக்ராம்ல கூடவே தனியா ஓடற வேலை) வைங்க. லேப்டாப்ல யூஎஸ்பி பவர் சேவிங்க ஆஃப் பண்ணுங்க, எங்களுக்கு ஒரு நைட் ரன் இதால போச்சு.

கிளாக் கேபிள் 2 மீட்டர் தான், பாக்ஸ பக்கத்துல பக்கத்துல வெக்கறவங்களுக்கு ஓகே. செட் தூரமா இருந்தா ஐட்ரிப்பிள்ஈ 1588ல (நெட்வொர்க் வழியா கிளாக்க ஒத்துப்போக வெக்கற தரநிலை) டைம் சிங்க் பண்ற ஈதர்நெட் பாக்ஸ் பாருங்க, விலை அதிகம் தான்.

5க்கு 3.5. அந்த கேபிளோட ஒரு முனை இப்பவே லூசு, டேப் சுத்தி ஓட்டிட்டு இருக்கோம்.