நூறு நேம் பேட்ஜ், ஒரே பட்டியல்: கோரல்டிராவா, இங்க்ஸ்கேப்பா, லைட்பர்னா?

நூறு நேம் பேட்ஜ் கேட்டு ஆர்டர் வருகிறது. ஒரு பேட்ஜைப் பொறிக்க லேசருக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். அதற்கு முன்னால் ஒவ்வொரு பெயரையும் தட்டி, நடுவில் நிறுத்தி, நீளமான பெயரைச் சுருக்கி, எழுத்துப் பிழை பார்த்து முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. அந்த நேரத்தில் மெஷின் சும்மா நிற்கிறது. சின்னக் கடைக்காரர் பலர் வேகமான மெஷினைத் தேடுகிறார்கள். அவர்கள் முதலில் தேட வேண்டியது, ஒருமுறை தட்டிய பெயரை மறுபடி தட்டாமல் இருக்கும் வழியை. அதற்கு மூன்று மென்பொருள்களை எடுத்துக்கொள்கிறேன்: கோரல்டிரா, இங்க்ஸ்கேப், லைட்பர்ன்.

கோரல்டிரா என்ற வரையும் மென்பொருளில் பிரிண்ட் மெர்ஜ் என்ற வசதி உண்டு. டிசைனில் பெயர் வரும் இடத்தைக் குறித்து, பட்டியலை இணைத்தால் ஆளுக்கொரு பக்கமாக விரித்துக் கொடுக்கும். அச்சுக்குப் போகாமல் புதிய ஆவணமாகவே இணைக்கலாம் என்பதுதான் பொறிப்பு வேலைக்கு உதவுவது. நூறு பக்கத்தையும் கண்ணால் பார்த்துவிட்டு மெஷினுக்கு அனுப்பலாம். ஏற்கெனவே கோரலில் லோகோ வரைந்து பழகிய கைக்கு இது எளிது. தகட்டை மீறும் பெயரை மட்டும் நாமே தேடிப் பிடித்துச் சுருக்க வேண்டியிருக்கும்.

இங்க்ஸ்கேப்பும் வரையும் மென்பொருள்தான், இலவசம். அதில் வரைந்ததைச் சேமிக்கும் எஸ்விஜி ஃபைல் அடிப்படையில் வெறும் எழுத்து ஃபைல் என்பதால், உள்ளே ஓர் அடையாளச் சொல்லை வைத்து, பட்டியலில் உள்ள பெயரால் மாற்றிக்கொண்டே போகலாம். தனியாகச் சேர்க்கும் நெக்ஸ்ட்ஜெனரேட்டர் என்ற நீட்சி இதைச் செய்கிறது. ஆனால் பெயருக்கு ஒரு ஃபைலாகக் கிடைக்கும். நூறு ஃபைலையும் மெஷினின் படுக்கை அளவுக்குள் (தகடு வைக்கும் மேடை) அடுக்கும் வேலை நம் தலையில் விழும். மாதத்துக்கு ஓரிரு ஆர்டர் என்றால் தாங்கும்.

லேசர் மெஷினுக்கான மென்பொருளான லைட்பர்னில் டிசைனும் மெஷினை ஓட்டுவதும் ஒரே இடத்தில் நடக்கின்றன. அதன் மாறும் எழுத்து வசதி, சிஎஸ்வி பட்டியலிலிருந்து (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எழுத்து ஃபைல்) பெயரையும் சீரியல் எண்ணையும் எடுத்துக்கொள்ளும். ஒரு பேட்ஜை வரைந்து அதைக் கட்டமாகப் பெருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் அடுத்த பெயர் தானாக ஏறும். எழுத்துக்கு அதிகபட்ச அகலம் வைத்துவிட்டால் நீளமான பெயர் அந்த அகலத்துக்குள் அடங்கிக்கொள்ளும். லேசர் வைத்திருப்பவருக்கு என் தேர்வு இதுதான், தயக்கமே இல்லை. வைர முனையால் கீறும் மெஷினும் சுழல் கத்தி மெஷினும் மட்டுமே உள்ள கடைக்கு இது பொருந்தாது. அங்கே கோரல் அல்லது இங்க்ஸ்கேப்பில் தயார்செய்து, மெஷினுடன் வந்த மென்பொருளுக்குக் கொடுப்பதே வழி.

எந்த வழியாக இருந்தாலும் பட்டியல் சுத்தமாக இல்லையென்றால் மிச்சம்பிடித்த நேரம் முழுக்கத் திரும்பிப் போய்விடும். பெயருக்குப் பின்னால் பட்டங்களைக் காற்புள்ளி போட்டு எழுதியிருந்தால், மேற்கோள்குறிக்குள் அடைக்காதவரை சிஎஸ்வி அதை இரண்டு நெடுவரிசையாக வெட்டும். 007 என்ற சீரியல் எண்ணை எக்செல் வெறும் 7 ஆக்கிவிடும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றி வைக்க வேண்டும். பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் காலி இடம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எழுத்தை நடுவிலிருந்து நகர்த்திவிடக்கூடும். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக்குறியீட்டில் சேமிக்காவிட்டால் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியோ குப்பைக் குறிகளோ வந்து நிற்கும். வாடிக்கையாளர் அனுப்பிய பட்டியலை ஒருபோதும் திருப்பித் தட்டாதீர்கள். நகலெடுத்து ஒட்டி, இறுதி வடிவத்தை அவருக்கே அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். பாழான தகட்டை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

மெஷின் பக்கமும் காசில்லாமல் மிச்சமாகிற நேரம் உண்டு. லேசர் பக்கவாட்டில் கோடு கோடாக ஓடித்தான் எழுத்தை நிரப்பும். 60 மி.மீ. நீளம், 15 மி.மீ. உயரமுள்ள எழுத்துப் பகுதியை 0.1 மி.மீ. கோட்டு இடைவெளியில், அதாவது 254 டிபிஐயில் (அங்குலத்துக்கு 254 கோடு) ஓட்டினால் 150 கோடுகள். 508 டிபிஐக்கு ஏற்றினால் 300. நேரமும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. சாதாரண இருவண்ணப் பிளாஸ்டிக்கில் அந்தக் கூடுதல் நுணுக்கம் பல நேரம் கண்ணுக்குத் தெரிவதில்லை, சோதனைத் துண்டில் பார்த்து முடிவெடுங்கள். அதே பேட்ஜை நெட்டுக்குத்தாக வைத்தால் 254 டிபிஐயிலேயே 600 கோடுகள் ஆகிவிடும். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் லேசர் தலை வேகம் குறைந்து, நின்று, திரும்ப வேண்டும். ஆகவே நீளமான பக்கம் எப்போதும் தலை ஓடும் திசையில் இருக்கட்டும்.

ஐந்து பேட்ஜை ஒரு வரிசையில் வைத்துத் தனித்தனியாக ஓட்டினால் 750 கோடுகள். சேர்த்து ஓட்டினால் 150 நீளக் கோடுகள். பேட்ஜுகள் நெருக்கமாக இருந்தால் சேர்த்து ஓட்டுவது வெல்லும். வெகுதூரம் தள்ளியிருந்தால் வெற்றிடத்தைக் கடப்பதிலேயே லாபம் கரைந்துவிடும், அப்போது தனித்தனியே ஓட்டுவது நல்லது. லைட்பர்னில் இந்த இரண்டுக்கும் அமைப்பு இருக்கிறது. வேலையைத் தொடங்குமுன் முன்னோட்டத்தில் இரண்டின் நேரத்தையும் போட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு நினைவுக்கேடயம் என்று வரும் வேலைக்குப் பட்டியலும் வேண்டாம், மெர்ஜும் வேண்டாம். நேராக வரைந்து பொறித்துக் கொடுங்கள். ஐந்து பெயரைத் தாண்டினால் பட்டியலைத் திறங்கள்.