அந்தெனாத்தி: முகவருக்குப் பணம் கட்டும் முன் திறக்க வேண்டிய இத்தாலியத் தளம்

இத்தாலியில் பிறந்த தாத்தா, பாட்டி வழியாகக் குடியுரிமை கேட்கக் கிளம்புபவர்களுக்கு முதல் செலவு பெரும்பாலும் ‘ஆவணத் தேடல்’ என்ற பெயரில்தான் வருகிறது. அந்த வேலையில் பாதியை நீங்களே செய்துவிடலாம். இத்தாலியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ஆவணக் காப்பகத் துறை 2011 முதல் நடத்திவரும் தளம் அந்தெனாத்தி. அந்தச் சொல்லுக்கு முன்னோர்கள் என்று பொருள். அரசு ஆவணக் காப்பகங்களில் இருக்கும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது.

தேடலில் இறங்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் உழைப்பு வீண். 2025 மார்ச் 28-ல் வந்த 36-ஆம் எண் அவசரச் சட்டமும், அதை மே மாதம் உறுதிசெய்த 74-ஆம் எண் சட்டமும் வழியை மிகவும் குறுக்கிவிட்டன. வெளிநாட்டில் பிறந்து வேறு குடியுரிமை வைத்திருப்பவருக்கு இப்போது கொள்ளுத்தாத்தா போதாது. பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியில் ஒருவரோ இத்தாலியக் குடியுரிமை மட்டுமே உள்ளவராக இருக்க வேண்டும். இறந்திருந்தால், இறக்கும்போது அப்படி இருந்திருக்க வேண்டும். அல்லது இத்தாலியக் குடிமகனான தாயோ தந்தையோ, பிள்ளை பிறப்பதற்கு முன் தொடர்ந்து 2 ஆண்டுகள் இத்தாலியில் வசித்திருக்க வேண்டும். 2025 மார்ச் 27-க்குள் மனு கொடுத்தவர்களுக்கும், மனு கொடுக்க வரும்படி அதற்குள் சந்திப்புத் தேதி அறிவிக்கப்பட்டவர்களுக்கும் பழைய விதி. தாத்தா அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டு இறந்தவர் என்றால், பிறப்புப் பதிவைத் தேடுவதற்கு முன் இந்த இடத்திலேயே நின்று யோசியுங்கள்.

தளத்தில் தேட இரண்டு வழிகள் உண்டு: பெயரைக் கொடுப்பது ஒன்று, ஊரையும் ஆண்டையும் கொடுத்துப் பதிவேட்டைத் திறப்பது இன்னொன்று. புதிதாக வருகிறவர்கள் பெயரை அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று மூடிவிடுகிறார்கள். படங்களில் ஒரு பகுதிக்குத்தான் பெயர்ப்பட்டியல் ஏற்றப்பட்டிருக்கிறது. பெயர் வரவில்லை என்றால் பதிவு இல்லை என்று பொருள் அல்ல. இரண்டாவது வழிதான் நம்பகமானது. ஊராட்சியான கொமூனேயின் பெயரையும் ஆண்டையும் கொடுத்து, பிறப்புக்கு ‘நாத்தி’ என்ற பதிவேட்டைத் திறங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் அந்த ஆண்டின் அகரவரிசைப் பட்டியல் இருக்கும். சில ஊர்களுக்குப் பத்தாண்டுப் பட்டியலும் உண்டு. பிறந்த ஆண்டு சரியாகத் தெரியாதபோது அது பெரிய வரம். தி, தெ, லா என்று தொடங்கும் குடும்பப் பெயர்களை அந்த முன்சொல்லின் எழுத்து, அடுத்த சொல்லின் எழுத்து என இரண்டின் கீழும் பாருங்கள். பெண்கள் இத்தாலியப் பதிவுகளில் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள். புகுந்த வீட்டுப் பெயரில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

ஊர்ப்பெயரும் ஏமாற்றும். அக்ரிஜெந்தோ 1927 வரை ஜிர்ஜெந்தி. என்னா அதே ஆண்டு வரை காஸ்த்ரோஜொவான்னி. வீட்டில் சொல்லிவந்த பெயர் ஒரு சிற்றூரின் பெயராக இருக்கலாம். பதிவேடு அது சேர்ந்த கொமூனேயின் பெயரில் இருக்கும்.

பக்கம் கிடைத்தபின் படிப்பதில்தான் தவறு நடக்கிறது. எண்களை எழுத்தால் எழுதியிருப்பார்கள்: ‘லான்னோ மில்லெநோவெசெந்தோத்ரே, அத்தீ வெந்திகுவாத்ரோ தி மார்ட்சோ’, அதாவது 1903 மார்ச் 24. இதைப் பிறந்த தேதி என்று குறித்துக்கொள்ளாதீர்கள். இது தகவல் சொல்ல ஊராட்சி அலுவலகத்துக்கு வந்த தேதி. பிறந்த நாளும் நேரமும் சில வரிகள் கீழே வரும். 1865-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டப்படி பிறந்து 5 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அதனால் டிசம்பர் கடைசியில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டுப் பதிவேட்டில் இருக்கலாம். பழைய கையெழுத்தில் 7 போட்டு ‘ப்ரே’ என்று எழுதியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை அல்ல. 8 அக்டோபர், 9 நவம்பர். தகவல் சொல்ல வந்த அப்பாவுடைய தந்தையின் பெயருக்கு முன் ‘தி’ இருந்தால், அந்தப் பாட்டன் அப்போது உயிரோடு இருக்கிறார். ‘ஃபூ’ இருந்தால் இறந்துவிட்டார். இந்த ஒரு சொல்லை வைத்து, பாட்டன் எந்த ஆண்டுக்கு முன் இறந்தார் என்று கணித்துவிடலாம்.

பிறப்புப் பதிவேடு கிடைக்காத ஊர்களுக்கு ‘அல்லெகாத்தி’ என்ற இணைப்புக் கட்டுகளைப் பாருங்கள். திருமணத்துக்காக மணமக்கள் கொடுத்த பிறப்புச் சான்று நகல், இறந்த பெற்றோரின் இறப்புச் சான்று நகல் எல்லாம் அதில் கோத்து வைக்கப்பட்டிருக்கும். நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் செய்து பார்க்கலாம்.

இனிக் குறைகள். எல்லா மாகாணமும் இல்லை. இருக்கிற மாகாணங்களிலும் இடையில் ஆண்டுகள் விடுபட்டிருக்கும். 70 ஆண்டு ஆகாத பதிவுகள் பொதுப் பார்வைக்கு வராது. புது விதிப்படி தேவைப்படுவது தாத்தா பாட்டியின் பதிவு என்பதால், 1930-களில் பிறந்தவர்களுக்கு, 70 ஆண்டு தாண்டியிருந்தாலும், தளம் பல ஊர்களில் கைகொடுப்பதில்லை. இன்னொன்று முக்கியம்: பதிவேடுகள் இரண்டு பிரதிகளாக எழுதப்பட்டன. ஒன்று கொமூனேயில் தங்கியது. மற்றது நீதிமன்றம் போய், அங்கிருந்து காப்பகத்துக்கு வந்தது. தளத்தில் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டாவது பிரதி. பின்னாளில் ஓரத்தில் எழுதிய திருமணக் குறிப்பு கொமூனே பிரதியில் இருந்து இதில் இல்லாமல் போகலாம்.

படத்துக்குச் சட்ட மதிப்பும் கிடையாது. அச்செடுத்துத் தூதரகத்தில் நீட்டினால் ஏற்க மாட்டார்கள். கொமூனேயின் ‘ஸ்தாத்தோ சிவிலே’ என்ற குடிமைப் பதிவு அலுவலகத்துக்கு எழுதி, பெற்றோர் பெயருடன் கூடிய பிறப்புப் பதிவுச் சுருக்கத்தையோ முழு நகலையோ வாங்க வேண்டும். கடிதத்தில் முழுப் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பதிவேட்டு ஆண்டு, பதிவு எண், அதில் குறித்திருந்தால் பகுதியும் வரிசையும் எழுதுங்கள். படத்துக்கான நிரந்தர இணைப்பையும் சேருங்கள். நூறாண்டு தாண்டிய, பிறருடைய பதிவு ஒன்றுக்கு 300 யூரோ வரை கொமூனே வசூலிக்கலாம் என்று 2025 பட்ஜெட் சட்டம் அனுமதிக்கிறது. ஆண்டும் பெயரும் துல்லியமாகக் கொடுத்தால் குறைக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. தளத்தில் செலவிட்ட மாலைப்பொழுது காசாகத் திரும்பும் இடம் இதுதான்.

தளத்துக்கு 5-க்கு 4 கொடுக்கலாம். குறைத்த ஒன்று, விடுபட்ட ஆண்டுகளுக்காக. தாத்தா வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கவில்லை என்பதற்கான சான்றை இங்கே தேடாதீர்கள். அது அவர் குடியேறிய நாட்டிலிருந்துதான் வர வேண்டும். தூதரகத்தில் மனு கொடுக்க, வயதுவந்த ஒருவருக்கு 600 யூரோ கட்டணம். மனு தள்ளுபடியானாலும் திரும்பாது. வேறு குடியுரிமை வாங்கவில்லை என்ற அந்தச் சான்று கைக்கு வந்தபின் பிறப்புச் சான்றுக்கு எழுதுங்கள்.